பித்தளைத் தோட்டாக் கூடுகளைத் துலக்குவது எப்படி? டம்ப்ளிங் மீடியா வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ரேஞ்சில் சுட்டு முடித்ததும் காலடியில் சிதறிக் கிடந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். அமெரிக்காவில் ரீலோடிங், அதாவது சுட்ட கூட்டில் புதிதாக மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவது, பழகத் தொடங்கும் எல்லோரும் முதலில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். கூட்டுக்கு உள்ளே புகைக்கரி, வெளியே மண், விரல் பட்ட இடமெல்லாம் கறுப்பு. எந்த டம்ப்ளரில் (கூடுகளைக் குலுக்கித் துலக்கும் மெஷின்) போடுவது, என்ன மீடியா (அதற்குள் கூடுகளோடு போடும் துலக்கும் பொருள்) வாங்குவது, எவ்வளவு நேரம் ஓட்டுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். புதியவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: தண்ணீர் இல்லாத உலர் முறையில் தொடங்குங்கள், பொடி ரக வால்நட் ஓட்டுத் தூள் ஒரு மூட்டை வாங்குங்கள், ஈயத் தூசை மதியுங்கள், பளபளப்புக்காக அலையாதீர்கள்.

வேலையைத் தொடங்கும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய உரிமம் தேவையில்லை. விற்பனைத் தொழிலாகச் செய்தால் உரிமம் வேண்டும். நம்மவர்கள் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டம் 'அம்யூனிஷன்' என்று சொல்வது முழுத் தோட்டாவை மட்டுமல்ல. காலிக் கூடு, பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), குண்டு, வெடிமருந்துப் பொடி ஆகிய எல்லாமே அதற்குள் வரும். எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியும் அம்யூனிஷனும் வைத்திருக்கத் தடை உண்டு. வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே தற்காலிக விசாவில் இருந்தால், ஒரு வாளிக் காலிக் கூடு சேர்ப்பதற்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாநிலச் சட்டங்கள் தனி, அவற்றையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இங்கே சொல்வதை அங்கே செய்து பார்க்க வேண்டாம்.

எதற்காகத் துலக்குகிறோம்

சுட்ட கூடு விரிந்திருக்கும். அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர சைசிங் டை என்ற அச்சுக்குள் அழுத்துவோம். கூட்டின் மேல் ஒட்டிய ஒரு மணல் பொடி அந்த டையின் உட்சுவரில் கீறிவிட்டால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு கூட்டிலும் அதே கீறல் விழும். டையைக் காப்பாற்றுவதுதான் முதல் காரணம். இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது. கரி மூடிய கூட்டில் மயிரிழை விரிசல் தெரியாது, துலக்கியதில் தெரியும். விரிசல் விட்ட கூட்டை மறுபடி சுட்டால் சூடான வாயு உங்கள் முகத்தை நோக்கி வரலாம்.

இந்த இரண்டுக்கும் கூடு சுத்தமாக இருந்தால் போதும், நகைக்கடை மினுமினுப்பு தேவையில்லை. பழுப்பேறிய பித்தளையும் நன்றாகவே சுடும். பளபளப்பில் ஒரு வசதி உண்டு: புல்லில் விழுந்த கூடு எளிதாகக் கண்ணில் படும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

எந்த மீடியா, எந்த அளவு

உலர் முறையில் இரண்டே பேர்தான் முக்கியம். ஒன்று, உடைத்துத் தூளாக்கிய வால்நட் ஓடு. விளிம்பு கூராக இருக்கும், அழுக்கைச் சுரண்டி எடுக்கும். மற்றொன்று, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் தக்கையை அரைத்த தூள், அதாவது கார்ன் காப். வால்நட்டைவிட மென்மையானது, பாலிஷ் போட நல்லது. கரியும் மண்ணும் ஏறிய ரேஞ்ச் கூட்டுக்கு வால்நட். ஏற்கெனவே ஓரளவு சுத்தமாக இருப்பதை மினுக்கவும், சைசிங் செய்தபின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவும் சோளத்தக்கை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வால்நட்டை வாங்குங்கள்.

பையின் மேல் 20/40, 14/20 என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். விலையைவிட முக்கியமானது இந்த எண்தான். முதல் எண் சல்லடையில் தூள் விழுந்துவிடும், இரண்டாவது எண் சல்லடையில் தங்கிவிடும் என்று அர்த்தம். 20ஆம் எண் சல்லடையின் கண் சுமார் 0.84 மி.மீ., 14ஆம் எண்ணின் கண் சுமார் 1.4 மி.மீ. கூட்டின் அடியில் பிரைமரின் தீ உள்ளே பாயும் துளை, அதாவது ஃபிளாஷ் ஹோல், வழக்கமாக 2 மி.மீ. அகலம்தான். 14/20 துகள் இரண்டு சேர்ந்து அதில் ஆப்பு வைத்த மாதிரி இறுகிக்கொள்ளும். 20/40 அப்படிச் சிக்குவது அரிது, தட்டினால் உதிர்ந்துவிடும். எண் எழுதாமல் 'கோர்ஸ்', 'ஃபைன்' என்று மட்டும் இருந்தால் ஃபைனை எடுங்கள்.

எங்கே வாங்குவது? ரீலோடிங் கடைகளில் சின்ன ஜாடிகளில் கிடைக்கும், ஆனால் எடைக்கு எடை விலை அதிகம். அதே பொருள் வேறு பெயரில் வேறு கடைகளில் மலிவாக இருக்கிறது. செல்லப்பிராணிக் கடையில் பல்லி, ஓணான் வகைகளின் கூண்டில் பரப்புவதற்கு வால்நட் ஓட்டுத் தூள் விற்கிறார்கள். பொடி ரகம், தூசும் குறைவு, டம்ப்ளருக்கு அருமையாகப் பொருந்தும். ஹார்பர் ஃப்ரெயிட் போன்ற கருவிக் கடைகளில் சாண்ட் பிளாஸ்டிங் பகுதியில் 25 பவுண்டு வால்நட் கிடைக்கும். கிரெயிஞ்சர் போன்ற தொழிற்சாலைச் சாமான் கடைகளில் 20/40 சோளத்தக்கை 40 பவுண்டு மூட்டையாக வரும். ஒரு மூட்டை வாங்கினால் சாதாரணமாகச் சுடுகிறவருக்குப் பல வருஷம் ஓடும். செல்லப்பிராணிக் கடையில் விற்கும் சோளத்தக்கை மட்டும் பெரும்பாலும் பெரிய துண்டுகளாக இருக்கும், அது கூட்டுக்குள் அடைத்துக்கொள்ளும். அதை விட்டுவிடுங்கள்.

சிவப்பு ரூஜ் என்ற பாலிஷ் தூள் கலந்த வால்நட்டும் ஜாடிகளில் வருகிறது. நன்றாகவே துலக்கும், ஆனால் கை, கூடு, மேஜை எல்லாம் செந்தூள் ஒட்டும். நான் கலப்பில்லாத வால்நட்டையே சிபாரிசு செய்வேன். வீட்டில் யாருக்காவது வால்நட் ஒவ்வாமை இருந்தால் அதன் தூள் பறக்கும் வேலையே வேண்டாம், சோளத்தக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அரிசியைப் போட்டு ஓட்டுகிறவர்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். துலக்கும், ஆனால் வால்நட்டைவிட மெதுவாக. அதற்காக அரிசியை வீணாக்க எனக்கு மனசு வராது.

ஈயம்

இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். பெரும்பாலான பிரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்டபின் அதன் மிச்சம் கூட்டுக்குள் கரியோடு கலந்து ஒட்டியிருக்கும். டம்ப்ளரில் ஓட்டும்போது அது மீடியாவில் இறங்கி, மிக நுண்ணிய தூசாகப் பறக்கும். பெரியவர்களுக்கே கெடுதல், குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியையே பாதிக்கும். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்கான எச்சரிக்கை அளவை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 ஆகக் குறைத்தது. அவ்வளவு சிறிய அளவே கவலைக்குரியது.

அதனால் டம்ப்ளர் வீட்டுக்குள் ஓடக் கூடாது. கராஜிலும் கதவைத் திறந்து வைத்து ஓட்டுங்கள், முடிந்தால் வெளியே ஓட்டுங்கள். மூடியைப் போட்டே ஓட்டுங்கள். சலிக்கும்போது பி100 வடிகட்டி வைத்த மாஸ்க்கும் நைட்ரைல் கையுறையும் போடுங்கள். சமையலறைச் சல்லடை, கிண்ணம், கரண்டி எதையும் இதற்கு எடுக்காதீர்கள்; எடுத்தால் அது திரும்பவும் சமையலறைக்குப் போகக் கூடாது. வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவுங்கள். ஈயத்தை எடுப்பதற்கென்றே விற்கும் சோப்பு இருந்தால் இன்னும் நல்லது. போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். கீழே சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசு எழும், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கராஜ் செருப்பு வாசல்படியைத் தாண்டவே கூடாது.

போடுவதற்கு முன் பிரிப்பது

கூடுகளை ஒரு தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரேஞ்சில் பொறுக்கியதில் சுடாத தோட்டா ஒன்று கலந்திருக்கலாம், அதை முதலில் தனியே எடுத்து வையுங்கள். காந்தத்தைக் காட்டினால் இரும்புக் கூடு ஒட்டிக்கொள்ளும், அதுவும் வேண்டாம். மங்கலான சாம்பல் நிறத்தில் எடையே இல்லாமல் இருப்பது அலுமினியம், ஒதுக்குங்கள். நிக்கல் பூசியது பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், அதைப் பயன்படுத்தலாம். .22 ரிம்ஃபயர் கூட்டை ரீலோட் செய்ய முடியாது, தவிர அது மற்ற கூடுகளுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் அளவு வாரியாகப் பிரியுங்கள். 9 மி.மீ. கூடு .40க்குள் நுழையும், .40 கூடு .45க்குள் நுழையும். டம்ப்ளருக்குள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டால் இரண்டுமே உள்ளே சுத்தமாகாது, நடுவில் மீடியாவும் இறுகிவிடும். டார்ச் அடித்துக் கூட்டுக்குள் பாருங்கள். நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்சர் வகை, நமக்கு ஆகும். இரண்டு சின்னத் துளைகள் இருந்தால் பெர்டான் வகை, பழைய பிரைமரைத் தள்ளும் டையின் ஊசியை உடைத்துவிடும்.

சேறு அப்பியதை நேராக மீடியாவில் போடாதீர்கள். வெந்நீரில் பாத்திர சோப்புப் போட்டு அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்தபின் போடுங்கள். ஈரக் கூடு மீடியாவைக் கட்டியாக்கிவிடும்.

உலர் முறையில் பழைய பிரைமரைக் கழற்றாமலே ஓட்டுவது நல்லது. அப்போதுதான் ஃபிளாஷ் ஹோலில் துகள் தங்காது. தங்கினாலும் பிறகு பிரைமரைத் தள்ளும் ஊசி அதையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

ஓட்டுவது

கிண்ணம் அதிரும் வகை டம்ப்ளர்தான் புதியவருக்கு வசதி. லைமன், ஃபிராங்ஃபோர்ட் ஆர்சனல், ஹார்னடி எல்லாம் இந்த வகையில் விற்கின்றன. சத்தம் அதிகம், அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள், இல்லாவிட்டால் அதிர்ந்து அதிர்ந்து மேஜையிலிருந்து நகர்ந்து கீழே விழும்.

கிண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மீடியா கொட்டுங்கள். கார் பாலிஷ் சேர்ப்பதாக இருந்தால் அமோனியா இல்லாத வகையில் ஒரு மூடி அளவு ஊற்றி, கூடு போடாமல் கால் மணி நேரம் வெறும் மீடியாவை ஓட்டுங்கள். அவசரப்பட்டு உடனே கூட்டைப் போட்டால் பாலிஷ் கட்டிகள் கூட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும். துணி உலர்த்தியில் ஏற்கெனவே பயன்படுத்திய டிரையர் ஷீட்டை நீளமாகக் கிழித்து நாலைந்து துண்டு உள்ளே போடுங்கள். கருந்தூசை அது இழுத்துக்கொள்ளும், மீடியாவும் நீண்ட நாள் உழைக்கும்.

இப்போது கூடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே மேற்பரப்பைக் கவனியுங்கள். கூடுகள் ஓரத்தில் மேலே எழும்பி, நடுவை நோக்கிப் புரண்டு, மறுபடி உள்ளே அமிழ வேண்டும். அப்படிச் சுழலும் வரை சரி. மேலே மிதந்தபடி ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டு இருந்தால் கூடு அதிகமாகிவிட்டது, பாதியை எடுங்கள். இயந்திரத்தின் கொள்ளளவு என்று பெட்டியில் போட்ட எண்ணைவிட இந்தச் சுழற்சியை நம்புங்கள்.

வால்நட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். கரி போயிருந்தால் நிறுத்தலாம், இல்லையென்றால் இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம். ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மோட்டார் சூடேறும் சாமான் அது. விலை குறைந்த டைமர் பிளக் ஒன்று வாங்கி மாட்டினால் தானே நின்றுவிடும்.

நிறுத்தியதும் உடனே மூடியைத் திறக்காமல் சில நிமிஷம் தூசு அடங்க விடுங்கள். கூண்டு போலச் சுற்றும் செபரேட்டர் ஒன்று இருந்தால் சலிப்பது சுலபம். அதையும் மூடி போட்டுச் சுற்றுங்கள். பிறகு ஒவ்வொரு கூட்டையும் வாய் கீழாகத் தட்டி உள்ளே மிச்சம் இல்லையென்று பாருங்கள். கழுத்து குறுகிய ரைஃபிள் கூடுகளில் இது ரொம்ப முக்கியம். உள்ளே மீடியா தங்கிவிட்டால் வெடிமருந்துக்கான இடம் குறைந்து அழுத்தம் ஏறும்.

மீடியா எப்போது தீர்ந்தது? முன்பு இரண்டு மணி நேரத்தில் ஆன வேலைக்கு நாலு மணி நேரம் ஆகிறது, தூளும் கறுத்து மாவாகிவிட்டது என்றால் மாற்றுங்கள். பழையதைச் செடிக்கு உரமாகப் போடுவது, பறவைக் கூண்டில் பரப்புவது எல்லாம் கூடவே கூடாது. அது முழுக்க ஈயம். கெட்டியான பையில் கட்டி, உங்கள் கவுண்டியின் அபாயக் கழிவு மையத்தில் எப்படிக் கொடுப்பது என்று கேட்டுச் செய்யுங்கள்.

ஈர முறை: ஸ்டீல் ஊசி

கொஞ்ச நாள் பழகியபின் பலரும் இதற்கு மாறுகிறார்கள். பிரைமர் உட்காரும் குழி உட்பட எல்லாமே புதிது போல ஆகிவிடும், தூசும் பறக்காது. இதற்கு நீர் புகாத உருளை சுற்றும் டம்ப்ளர் வேண்டும். மீடியா என்பது துருப்பிடிக்காத எஃகு ஊசி. பரவலாக விற்பது 0.047 அங்குலத் தடிமன், கால் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான நீளம். ஊசி தேய்வதே இல்லை, ஒருமுறை வாங்கினால் போதும். .22 குறுக்களவு ரைஃபிள் கூட்டின் கழுத்தில் மட்டும் இரண்டு ஊசி குறுக்காக மாட்டிக்கொள்ளும் தொல்லை உண்டு. அவற்றுக்கு ஊசிக்குப் பதில் ஸ்டீல் சில்லு வாங்குவது நல்லது.

15 பவுண்டு தாங்கும் உருளைக்குப் பழகிப்போன கணக்கு இது: ஊசி 5 பவுண்டு, கூடு 2 பவுண்டு, தண்ணீர் ஒரு கேலன். பாத்திர சோப்பு சில சொட்டு, சிட்ரிக் அமிலம் கால் டீஸ்பூன். மூன்று நாலு மணி நேரம் ஓட்டுங்கள். இந்த முறையில் பிரைமரை முன்கூட்டியே தனி ஊசி டையால் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் குழிக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும்.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதும் இதே வேலைதான், அமிலம் கறையைக் கரைக்கிறது. புளியை அப்பி அதிக நேரம் விட்டால் விளக்கு செம்பு நிறத்துக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். தோட்டாப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அமிலம் கூடினால் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து கூடு இளஞ்சிவப்பாகும். கால் டீஸ்பூன் என்றால் கால் டீஸ்பூன்தான்.

அமோனியா பக்கம் மட்டும் போகவே கூடாது. பிராஸோ மாதிரி பித்தளை பாலிஷ்களிலும், கண்ணாடி துடைக்கும் திரவங்கள் பலவற்றிலும் அமோனியா இருக்கிறது. இது பித்தளையை என்ன செய்யும் என்பது நம் ஊர் மழைக்காலத்தில்தான் தெரியவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் பருவமழை மாதங்களில் படையினர் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை விட்டு எடுத்துப் பார்த்தால், குண்டைப் பிடித்திருக்கும் கழுத்தோரம் பல கூடுகள் விரிசல் விட்டிருந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்துதான் இதைச் செய்தன என்ற விளக்கம் 1921இல்தான் வெளிவந்தது. வெளியே பளபளப்பாக இருந்தபடியே உள்ளே பலவீனமாகும் ஆபத்து இது. பாட்டிலின் பின்னால் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் டம்ப்ளரில் ஊற்றாதீர்கள்.

ஓட்டி முடித்ததும் வரும் கறுப்புத் தண்ணீரிலும் ஈயம் இருக்கிறது. சமையலறைத் தொட்டியிலோ காய்கறித் தோட்டத்திலோ ஊற்றாதீர்கள். அதை என்ன செய்வது என்பதையும் அதே கழிவு மையத்தில் கேளுங்கள். கூட்டை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, காந்தம் வைத்து ஊசிகளை இழுங்கள். பிறகு பழைய துண்டில் போட்டு உருட்டி, வெயிலில் பரப்புங்கள். பழம் உலர்த்தும் டிஹைட்ரேட்டர் ஒன்றை இதற்கென்றே வாங்கி வைத்துக்கொள்ளலாம். சமையல் ஓவனில் வைக்காதீர்கள். ஈயம் ஒரு காரணம். மற்றொன்று, சூடு அதிகமானால் கூட்டின் அடிப்பகுதி மெத்தென்று ஆகிவிடும், அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடமே அதுதான். காய்ந்துவிட்டதா என்று வெளியே தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல், ஃபிளாஷ் ஹோலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒரு நீர்த்துளி அங்கே கண்ணாடி மாதிரி நின்றுகொண்டிருக்கும்.

துலக்கியபின்

கழுத்தில் நெடுக்காக விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ரைஃபிள் கூட்டில் அடிக்குச் சற்று மேலே சுற்றிலும் ஒரு பளிச்சென்ற கோடு தெரிந்தால் உஷார். அங்கே உள்சுவர் மெலிந்துவிட்டது, அடுத்த முறை சுடும்போது கூடு இரண்டாகப் பிரியலாம். சந்தேகம் வந்தால் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை லேசாக மடக்கி, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே இழுங்கள். உள்சுவரில் பள்ளம் இருந்தால் நுனி அதில் தடுக்கும். தடுக்கினால் இடுக்கியால் அதன் வாயை நசுக்கிப் பழைய பித்தளை டப்பாவில் போடுங்கள், தெரியாமல் மறுபடி கலந்துவிடக் கூடாது.

எண்ணெய் தடவி சைசிங் செய்த ரைஃபிள் கூடுகளைச் சோளத்தக்கையில் மறுபடி அரை மணி நேரம் ஓட்டினால் பிசுக்கு போய்விடும். இந்தத் தடவை பிரைமர் இல்லாததால் ஒவ்வொரு ஃபிளாஷ் ஹோலையும் பார்த்தே ஆக வேண்டும், சிக்கிய துகளைக் கம்பியால் தள்ளிவிடுங்கள். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மேலே கூட்டின் வகையையும் எத்தனை முறை சுட்டது என்பதையும் எழுதி ஒட்டிவையுங்கள்.